பிரசவ வார்டில் கேட்க வேண்டிய ஒரு கேள்வி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். திண்டுக்கல் மாவட்டத்தில் கிராம சுகாதார செவிலியராக வேலைக்குச் சேர்ந்து, பகுதி சுகாதார செவிலியராக ஓய்வு பெற்றவள் நான். எங்கள் வேலையில் புதன்கிழமை என்றால் தடுப்பூசி நாள். கல்யாணம், காதுகுத்து, சொந்தத்தில் சாவு என்று எது வந்தாலும் புதன்கிழமை ஐஸ் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பிவிட வேண்டும். தடுப்பூசி வேண்டாம் என்று கதவைச் சாத்திய வீடுகளின் திண்ணையில் உட்கார்ந்து பேசிப் பேசியே குழந்தைகளை வெளியே கொண்டுவர வைத்திருக்கிறேன். கக்குவான் இருமலில் மூச்சு முட்டிய குழந்தைகளையும் அம்மை இறங்கிக் கண் போன குழந்தைகளையும் பார்த்த தலைமுறை நாங்கள். ஆகவே இந்தக் கடிதத்தை யாரும் தடுப்பூசிக்கு எதிரான கடிதமாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று முதலிலேயே கேட்டுக்கொள்கிறேன்.

நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்றுதான். பிறந்த குழந்தையின் இடது கையில் பிசிஜி என்ற காசநோய்த் தடுப்பூசி போடுவதற்கு முன்னால், வாயில் போலியோ சொட்டு விடுவதற்கு முன்னால், தாயிடமும் பாட்டியிடமும் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: "உங்கள் வீட்டில், பிறந்த வீட்டிலோ புகுந்த வீட்டிலோ, ஒரு வயதுக்குள் நோய் வந்து இறந்துபோன குழந்தை உண்டா?" உண்டு என்றால், அந்த ஊசியையும் சொட்டையும் நிறுத்தி வைத்துவிட்டு முதலில் ஒரு ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். இதற்குத் தனிக் கருவியோ புதுக் கட்டடமோ தேவையில்லை.

ஏன் என்று சொல்கிறேன். என் பகுதியில் ஒரு குடும்பம். ஊரும் பெயரும் வேண்டாம். அந்தப் பெண்ணுக்கு முதல் குழந்தை பெண், நன்றாக வளர்ந்தது. அடுத்தது ஆண். பிறக்கும்போது மூன்று கிலோ, நல்ல அழுகை, நன்றாகப் பால் குடித்தான். பிரசவம் பார்த்த ஆஸ்பத்திரியிலேயே பிசிஜியும் சொட்டும் கொடுத்து அனுப்பினார்கள். ஒன்றரை மாத ஊசிக்கு வந்தபோதும் குறை சொல்ல ஒன்றுமில்லை. அதன் பிறகுதான் ஒவ்வொன்றாகத் தொடங்கியது. நாக்கிலும் கன்னத்தின் உள்புறத்திலும் தயிர் படிந்த மாதிரி வெள்ளை. மருந்து தடவினால் இரண்டு நாள் போகும், மூன்றாம் நாள் திரும்பி வரும். வயிற்றுப்போக்கு நிற்கவே இல்லை. தாய் சேய் நல அட்டையில் எடைக்கோடு மேலே ஏறாமல் படுத்துவிட்டது. பிசிஜி போட்ட இடம் சாதாரணமாக மூன்று மாதத்துக்குள் காய்ந்து சின்னத் தழும்பாகிவிடும். இவனுக்கு அது காயவில்லை, சீழ் கட்டியபடியே இருந்தது. இடது அக்குளில் நெல்லிக்காய் அளவு கட்டி.

வீட்டில் சீர் தட்டியிருக்கிறது என்றார்கள். தோஷம் என்றார்கள். மந்திரித்துக் கயிறு கட்டினார்கள். ஆஸ்பத்திரிக்கும் போனார்கள், போகாமல் இல்லை. ஐந்தாம் மாதத்தில் நிமோனியா என்று சேர்த்தார்கள், குழந்தை திரும்பி வரவில்லை. இறப்புக் காரணம் நிமோனியா என்று எழுதி அந்தக் கணக்கு முடிந்தது.

சில ஆண்டுகள் கழித்து மறுபடியும் ஆண் குழந்தை. அதே ஊசி, அதே சொட்டு, மூன்றாம் மாதத்தில் அதே வெள்ளை, அதே அக்குள் கட்டி. இந்த முறை கட்டியிலிருந்து எடுத்த சீழில் காசநோய்க் கிருமி போலத் தெரிந்ததால் காசநோய் மருந்து ஆரம்பித்தார்கள். குழந்தைக்குக் காசநோய் என்றால் வீட்டில் பெரியவர் யாருக்கோ இருக்க வேண்டும் என்பது நாங்கள் படித்த பாடம். அப்பா, அம்மா, தாத்தா, பாட்டி, பக்கத்து வீட்டுக் கிழவர் வரைக்கும் சளி எடுத்தோம், எக்ஸ்ரே எடுத்தோம். ஒருவருக்கும் இல்லை. பாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்ப யாரும்மா குடுத்தது என் பேரனுக்கு?" என்று கேட்டார்.

பதில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போன பிறகு கிடைத்தது. அங்கே இருந்த ஒரு இளம் குழந்தை மருத்துவர் கிருமியை வகை பிரித்துப் பார்க்கச் சொன்னார். அது மனிதரிடமிருந்து தொற்றும் காசநோய்க் கிருமி அல்ல. பிசிஜி ஊசிக்குள் இருக்கும் கிருமி. குழந்தையின் ரத்தத்தில் கிருமிகளை எதிர்க்கும் வெள்ளை அணுக்களான டி செல்கள் அநேகமாக இல்லை. பிறவியிலேயே நோய் எதிர்ப்பு அமைப்பு உருவாகாத குழந்தை. ஆங்கிலச் சுருக்கத்தில் ஸ்கிட் என்பார்கள். எலும்பு மஜ்ஜை மாற்றுவதைப் பற்றிப் பேச்சு எடுக்கும் நேரத்தில் கிருமி நுரையீரல், கல்லீரல், எலும்பு என்று உடம்பெங்கும் பரவிவிட்டது. அந்தக் குழந்தையும் போய்விட்டது.

இதைப் படிக்கும் இளம் தாய்மார் பயந்துவிடக் கூடாது என்பதால் விவரத்தைச் சரியாகச் சொல்லிவிடுகிறேன். பிசிஜி என்பது மாட்டுக் காசநோய்க் கிருமியை கால்மெட், கெரின் என்ற இரண்டு பிரெஞ்சு விஞ்ஞானிகள் 1908 முதல் பதின்மூன்று ஆண்டுகள் திரும்பத் திரும்ப வளர்த்து வீரியம் குறைத்து உண்டாக்கிய மருந்து. 1921இல் முதன்முதலாக ஒரு குழந்தைக்குக் கொடுத்தார்கள். நம் சென்னை கிண்டியில் 1948இலிருந்து இதற்கென்றே ஒரு தயாரிப்புக்கூடம் இருக்கிறது. பெரியவர்களின் நுரையீரல் காசநோயை இந்த ஊசி தடுப்பதில்லை என்பதைக் காட்டியதும் நம் செங்கல்பட்டுப் பகுதியில் 1968இல் தொடங்கிய பெரிய ஆய்வுதான். ஆனால் சிறு குழந்தைகளுக்கு வரும் மூளைக் காசநோயையும் உடம்பெங்கும் பரவும் காசநோயையும் இது தடுக்கிறது. அதற்காகத்தான் பிறந்தவுடன் போடுகிறோம், போடவும் வேண்டும்.

இந்த ஊசிக்குள் இருக்கும் கிருமி உயிருள்ளது. ஆரோக்கியமான குழந்தையின் உடம்பு அதைத் தோளிலேயே மடக்கிவிடும். டி செல் இல்லாத குழந்தையிடம் மடக்குவதற்கு ஆள் இல்லை. பிசிஜி மட்டுமல்ல, போலியோ சொட்டு மருந்து, ஒன்றரை மாதத்தில் தொடங்கும், வயிற்றுப்போக்கைத் தடுக்கும் ரோட்டா சொட்டு, ஒன்பது மாதத்தில் போடும் தட்டம்மை ரூபெல்லா ஊசி எல்லாமே உயிருள்ள, வீரியம் குறைத்த கிருமிகள்தான். ரோட்டா சொட்டினாலேயே ஸ்கிட் குழந்தைகளுக்கு ஓயாத வயிற்றுப்போக்கு வந்ததைப் பார்த்து, 2010இல் அமெரிக்காவில் இந்தக் குழந்தைகளுக்கு அந்த மருந்து கூடாது என்று எச்சரிக்கை சேர்த்தார்கள். ஹெபடைடிஸ் பி, ஐந்து நோய்களுக்கு ஒரே ஊசியான பென்டாவேலன்ட், நிமோனியா தடுப்பூசி, ஊசியாகப் போடும் போலியோ மருந்து ஆகியவற்றில் உயிருள்ள கிருமி கிடையாது. அவற்றால் இந்த ஆபத்து இல்லை. இந்த வேறுபாடு ஒவ்வொரு செவிலியருக்கும் மனப்பாடமாகத் தெரிந்திருக்க வேண்டும். சந்தேகம் வந்த குழந்தைக்கு "எல்லா ஊசியையும் நிறுத்து" என்று சொல்வதும் தவறு, "எல்லாவற்றையும் போடு" என்று சொல்வதும் தவறு.

ஸ்கிட் அபூர்வமான நோய். அமெரிக்காவில் பிறந்த குழந்தைகள் எல்லாரையும் பரிசோதித்ததில் ஏறக்குறைய 58,000 பேருக்கு ஒருவர் என்று கண்டார்கள். உறவுக்குள் திருமணம் அதிகமாக நடக்கும் இடங்களில் இது கூடும். தமிழ்நாட்டில் நான்கில் ஒரு திருமணத்துக்கு மேல் சொந்தத்தில்தான் நடக்கிறது என்று தேசியக் குடும்ப நல ஆய்வு சொல்கிறது. தாய்மாமனையும் அத்தை மகனையும் கட்டுகிற ஊர்களில் வேலை பார்த்தவளுக்கு அது புதுச் செய்தி அல்ல.

பிசிஜி போட்ட ஸ்கிட் குழந்தைகளுக்கு என்ன ஆகிறது என்று 17 நாடுகளிலிருந்து 349 குழந்தைகளின் விவரங்களைத் திரட்டி 2014இல் ஓர் ஆய்வு வந்தது. அவர்களில் பாதிப் பேருக்கு, சரியாகச் சொன்னால் 51 சதவீதத்துக்கு, பிசிஜியாலேயே சிக்கல் வந்திருந்தது. 34 சதவீதத்துக்கு அது உடம்பெங்கும் பரவியிருந்தது. பிறந்து ஒரு மாதத்துக்குள் ஊசி போட்டவர்களுக்குத்தான் சிக்கல் அதிகம். நாம் போடுவது பிறந்த அன்றோ மறுநாளோ. இன்னொரு விஷயமும் மருத்துவர்கள் நினைவில் வைக்க வேண்டும்: காசநோய்க்கு வழக்கமாகக் கொடுக்கும் மருந்துகளில் ஒன்றான பைரசினமைடு பிசிஜி கிருமியிடம் வேலை செய்யாது. சாதாரணக் காசநோய் என்று நினைத்து வழக்கமான மாத்திரையை மட்டும் கொடுத்துக்கொண்டே இருந்தால் நாள்தான் போகும்.

இனி நான் எழுத வந்த இடத்துக்கு வருகிறேன்.

அந்தப் பெண் நான்காம் முறை கர்ப்பமானபோது பதிவு செய்ய அவர்கள் வீட்டுக்குப் போனேன். இந்த முறை அவளிடம் மட்டும் கேட்டுக்கொண்டு கிளம்பாமல், அவளுடைய அம்மாவையும் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசினேன். வெற்றிலை மடித்துக்கொண்டே அந்த அம்மா சொன்னார்: "எனக்கும் ரெண்டு ஆம்பளப் புள்ளைங்க இருந்துச்சும்மா. ரெண்டும் ஆறு மாசம் தாண்டல. இவ மட்டும்தான் தங்குனா." நாற்பது வருடமாக அந்த வீட்டுக்குள் இருந்த செய்தி. யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அதைச் சொல்ல வேண்டிய செய்தி என்று அவருக்கு யார் எடுத்துச் சொன்னார்கள்?

ஸ்கிட்டில் பல வகை உண்டு. இவர்கள் வீட்டில் இருப்பது எக்ஸ் குரோமோசோம் வழியாக வருவது. தாய் முழு ஆரோக்கியமாக இருப்பாள். அவளிடமிருந்து அந்த மரபணு மகனுக்குப் போனால் மகனுக்கு நோய் வரும். அவள் பெறும் ஒவ்வொரு மகனுக்கும் பாதி வாய்ப்பு. மற்ற சில வகைகள் தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் சேர்ந்து வரும். அவற்றில் ஆண், பெண் இரண்டுக்கும் வரும், ஒவ்வொரு பிரசவத்திலும் நான்கில் ஒரு வாய்ப்பு. அதனால்தான் கேள்வியைப் பிறந்த வீடு, புகுந்த வீடு இரண்டையும் சேர்த்துக் கேட்கச் சொல்கிறேன். தாயின் அண்ணன் தம்பிகள் சிறு வயதில் இறந்தார்களா என்று குறிப்பாகக் கேட்க வேண்டும். அதற்குப் பதில் பாட்டியிடம்தான் இருக்கும். இந்தச் சமயத்தில் மாமியார் வீட்டில் "உன் ரத்தத்துலதான் கோளாறு" என்று அந்தப் பெண்ணைக் குத்திக் காட்டினார்கள். யாரும் விரும்பிச் சுமந்து வந்த மரபணு அல்ல அது. கணவரை உட்கார வைத்து இதைப் புரிய வைப்பதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. அவர் புரிந்துகொண்டார், கடைசி வரை அவள் பக்கம் நின்றார்.

அட்டையின் முன்பக்கத்தில் சிவப்பு மையில் எழுதினேன்: இரண்டு ஆண் குழந்தைகள் இறப்பு, நோய் எதிர்ப்புக் குறைபாடு, பிசிஜி, போலியோ சொட்டு, ரோட்டா கொடுக்கக் கூடாது, பிறந்தவுடன் ரத்தப் பரிசோதனை. ஆண் குழந்தை பிறந்தது. மறுநாள் காலை ஊசி போடும் செவிலியர் தட்டோடு வந்துவிட்டார். பாட்டி அட்டையைக் காட்டினார். "பாட்டி, டிஸ்சார்ஜுக்கு முன்னாடி எல்லாக் குழந்தைக்கும் போட்டாகணும். போடலேன்னா நாங்க பதில் சொல்லணும்" என்றார் செவிலியர். பாட்டி குழந்தையைச் சேலைக்குள் இழுத்து அணைத்துக்கொண்டு, டாக்டர் வரட்டும் என்று சொல்லிவிட்டார். டாக்டர் வந்தார், படித்தார், ரத்தம் எடுக்கச் சொன்னார்.

அந்தச் செவிலியர் மீது எனக்குக் கோபமில்லை. ஒரு காலைப் பொழுதில் எத்தனை குழந்தைகளுக்குப் போட வேண்டும் என்று எனக்குத் தெரியும். கலக்கிய பிசிஜி குப்பி நான்கு மணி நேரத்துக்கு மேல் ஆகாது; திறந்தால் இருக்கிற குழந்தைகளுக்கெல்லாம் போட்டு முடித்துவிட வேண்டும். மாதக் கடைசியில் பிறந்தவர் எத்தனை, பிசிஜி போட்டவர் எத்தனை என்ற கணக்கில் வித்தியாசம் வந்தால் கூட்டத்தில் எழுப்பி நிறுத்திக் கேட்பார்கள். கேட்பதும் நியாயம்தான், அப்படிக் கேட்டுக் கேட்டுத்தான் நம் மாநிலத்தில் தடுப்பூசி இந்த அளவு போய்ச் சேர்ந்தது. ஆனால் "நிறுத்தி வைக்கப்பட்டது, காரணம் இது" என்று எழுதுவதற்கு அந்தக் கணக்கில் ஒரு கட்டம் வேண்டாமா? காரணத்தோடு நிறுத்தி வைத்த குழந்தையை விட்டுப்போன குழந்தையாக எண்ணினால் எந்தச் செவிலியர் துணிந்து நிறுத்துவார்?

விதிப்படியும் இதில் தடையில்லை. தேசியத் தடுப்பூசி அட்டவணைப்படி பிசிஜியைப் பிறந்தவுடன் போட வேண்டும். விட்டுப்போனால் ஒரு வயது நிறைவதற்குள் போடலாம். பரிசோதனையில் குழந்தை நன்றாக இருக்கிறது என்று தெரிந்தால் சில நாள் கழித்துப் போட்டுவிடலாம். பிறந்தவுடன் விடும் போலியோ சொட்டு தவறினாலும் ஒன்றரை மாதத்திலிருந்து வழக்கம்போலத் தொடரலாம். கேள்வி கேட்பதால் ஆரோக்கியமான எந்தக் குழந்தைக்கும் நஷ்டமில்லை.

கேட்க வேண்டிய விவரத்தில் பாதி ஏற்கனவே கேஸ் ஷீட்டிலேயே இருக்கிறது என்பதுதான் என்னை அதிகம் வருத்துகிறது. பிரசவத்துக்கு வரும் ஒவ்வொரு தாயின் தாளிலும் முதல் வரியில் எழுதுகிறோம்: ஜி4 பி3 எல்1. நான்காவது கர்ப்பம், மூன்று பிரசவம், உயிரோடு இருப்பது ஒன்று. அப்படியானால் இரண்டு குழந்தைகள் எங்கே? வயிற்றிலேயே இறந்ததா, குறைமாதத்தில் போனதா, நன்றாகப் பிறந்து நான்காம் மாதத்தில் நோய் வந்து போனதா? அந்த வரி தாயின் தாளில் நிற்கிறது. ஊசி போடும் பட்டியல் குழந்தையின் பெயரில் வேறு பதிவேட்டில் இருக்கிறது. ஒன்றைப் பார்ப்பவர் மற்றதைப் பார்ப்பதில்லை. சிசு மரணம் நடந்தால் வீட்டுக்கே போய்த் தணிக்கை செய்து அறிக்கை அனுப்புகிறோம். கர்ப்பிணி ஒவ்வொருவருக்கும் கர்ப்பத்தைப் பதிவு செய்யும்போது கொடுக்கும் பிக்மி எண் இருக்கிறது. அந்தத் தணிக்கை அறிக்கை அதே தாயின் அடுத்த கர்ப்பத்தில் திரையில் வந்து நின்றால் போதும். ரத்த அழுத்தம், சர்க்கரை, முந்தைய சிசேரியன் இருந்தால் அதிக ஆபத்துள்ள தாய் என்று குறி போடுகிறோம். அதைப் போலவே குழந்தைக்கும் பிறப்பதற்கு முன்பே ஒரு குறி போடலாம்.

அந்த ரத்தப் பரிசோதனையும் அரிதானது அல்ல. ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே எடுக்கும் முழு ரத்த எண்ணிக்கைதான். வெள்ளை அணுக்களில் டி செல், பி செல் அடங்கிய லிம்போசைட் வகை எத்தனை என்று கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். கைக்குழந்தைக்கு அது பெரியவர்களைவிட அதிகமாக இருக்க வேண்டும். ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 3,000க்குக் கீழே இருந்தால் சந்தேகப்பட வேண்டும். பெரியவர்களுக்கான அளவை வைத்துப் பார்த்தால் 1,500 என்பது சரி என்று தோன்றும், ரிப்போர்ட்டிலும் சிவப்புக் குறி வராது. பல குழந்தைகளின் ரிப்போர்ட்டில் விடை இருந்தும் யார் கண்ணிலும் படாமல் போவது இதனால்தான். இந்தக் குழந்தைக்கு 900 இருந்தது. அதற்கு அடுத்த கட்டமாக டி செல், பி செல் வகை பிரித்துப் பார்க்கும் பரிசோதனை. எண்ணிக்கை சரியாக இருந்தாலே நோய் இல்லை என்று ஆகிவிடாது. சில குழந்தைகளுக்குத் தாயின் செல்கள் உள்ளே வந்து எண்ணிக்கையை ஏற்றிக் காட்டும். குடும்பத்தில் இப்படி இறப்பு இருந்தால் அடுத்த கட்டப் பரிசோதனையையும் செய்துவிட்டுத்தான் ஊசி என்று வைத்துக்கொள்வது நல்லது.

அவனைத் தனி அறையில் வைத்துப் பார்த்துக்கொண்டார்கள். நிமோனியாவும் பூஞ்சையும் வராமலிருக்க முன்கூட்டியே மருந்து, ரத்த நாளம் வழியாக இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்புப் புரதம். ரத்தம் ஏற்ற வேண்டி வந்தால் கதிரியக்கம் பாய்ச்சிய ரத்தம்தான் ஏற்ற வேண்டும் என்று தாளின் மேல் பெரிதாக எழுதி வைத்தார்கள். இல்லையென்றால் அந்த ரத்தத்தில் இருக்கும் பிறருடைய லிம்போசைட்டே குழந்தையின் உடம்பைத் தாக்கிவிடும். அக்காவின் மஜ்ஜை பொருந்தியது. நான்காம் மாதத்தில் மாற்றினார்கள். பிசிஜி போடாத உடம்பு, எந்தத் தொற்றும் இல்லாத உடம்பு. இப்போது தெருவில் ஓடி விளையாடுகிறான். மாதம் ஒருமுறை இம்யூனோகுளோபுலின் ஏற்றுவது மட்டும் இன்னும் தொடர்கிறது; புது மஜ்ஜையிலிருந்து டி செல் வந்தது, அந்தப் புரதத்தை உண்டாக்கும் பி செல் சரியாக வேலை செய்யவில்லை. இந்த வகை ஸ்கிட்டில் அப்படி ஆவதுண்டு என்று மருத்துவர்கள் சொன்னார்கள்.

காலம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. அமெரிக்காவிலும் கனடாவிலும் 2000 முதல் 2009 வரை மஜ்ஜை மாற்று செய்த 240 ஸ்கிட் குழந்தைகளைத் தொடர்ந்து பார்த்தார்கள். மூன்றரை மாதத்துக்குள் மாற்று நடந்தவர்களில் 94 சதவீதம் பேர் பிழைத்தார்கள். அதைத் தாண்டி, உடம்பில் தொற்று இருக்கும்போதே மாற்று நடந்தவர்களில் பாதிப் பேர்தான் பிழைத்தார்கள். நாம் பிறந்த அன்று போடும் ஊசியே அந்தத் தொற்றாக ஆகிவிடக் கூடாது.

வெளிநாடுகளில் இதற்கு வேறு வழிகளும் கண்டிருக்கிறார்கள். குழந்தையின் குதிகாலில் குத்தி எடுக்கும் ஒரு சொட்டு ரத்தத்திலேயே ஸ்கிட் உண்டா என்று பார்க்கும் பரிசோதனையை அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலம் 2008இல் தொடங்கியது. பத்தே ஆண்டில் அந்நாடு முழுவதும் வந்துவிட்டது. இங்கிலாந்தில் அந்தப் பரிசோதனையின் முடிவு வரட்டும் என்பதற்காக 2021 செப்டம்பரிலிருந்து பிசிஜியைப் பிறந்த 28 நாளுக்குப் பிறகுதான் போடுகிறார்கள். தைவான் 2016இல் ஐந்தாம் மாதத்துக்குத் தள்ளிவிட்டது. நாமும் எல்லாக் குழந்தைகளுக்கும் தள்ளிப்போட வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். காசநோய் இவ்வளவு இருக்கும் நாட்டில், ஆஸ்பத்திரியை விட்டு வீட்டுக்குப் போன குழந்தையை மறுபடி ஊசிக்குக் கொண்டுவருவது எவ்வளவு பாடு என்று அனுபவித்தவள் நான். அதைச் செய்தால் ஒரு குழந்தையைக் காப்பாற்றப் போய்ப் பல குழந்தைகளை மூளைக் காசநோய்க்குக் கொடுத்ததாக ஆகலாம். குதிகால் ரத்தப் பரிசோதனை நம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலாவது ஒரு நாள் வர வேண்டும். அது வரும் வரைக்கும் கேள்வி கேட்பதற்கு என்ன செலவு? முதல் குழந்தையிலேயே நோய் வந்தால் இந்தக் கேள்வி உதவாது, உண்மைதான். ஆனால் ஒரே வீட்டில் இரண்டாவது, மூன்றாவது குழந்தை அதே நோயில் போவதை இது தடுக்கும்.

போலியோவைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2011 ஜனவரியில் ஹவுராவில் வந்ததுதான் நம் நாட்டின் கடைசி இயற்கைப் போலியோ. 2014 மார்ச்சில் போலியோ இல்லாத நாடு என்று சான்று கிடைத்தது. சொட்டு மருந்து முகாம் நாட்களில் குழந்தைகளின் இடது சுண்டுவிரலில் மை வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போனவர்களில் நானும் ஒருத்தி; அந்தச் சான்றில் எங்கள் கால்வலியும் இருக்கிறது. சொட்டு மருந்தில் உள்ள வைரஸ் ஆரோக்கியமான குழந்தையின் குடலில் சில வாரம் இருந்துவிட்டுப் போய்விடும். எதிர்ப்புச் சக்தி இல்லாத குழந்தையின் குடலில் மாதக்கணக்கில், சிலரிடம் ஆண்டுக்கணக்கில் தங்கி, மெல்ல மெல்ல வீரியம் திரும்பப் பெறும். அந்தக் குழந்தைக்கே இளம்பிள்ளை வாதம் வரலாம். அதன் மலத்தின் வழியே வைரஸ் வெளியேயும் வரும். ஆகவே இப்படிப்பட்ட குழந்தைகளைக் கண்டுபிடிப்பது போலியோ ஒழிப்பு வேலையின் ஒரு பகுதிதான். அந்த வீட்டில் இருக்கும் மற்ற சிறு குழந்தைகளுக்கும் சொட்டுக்குப் பதில் ஊசிப் போலியோ மருந்து கொடுக்க வேண்டும். முகாம் நாளில் போகும் பணியாளர்களுக்கு அந்த வீட்டைப் பற்றி முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். இல்லையென்றால் "இந்த வீட்டில் மறுக்கிறார்கள்" என்று எழுதிக்கொண்டு பத்துப் பேர் வாசலில் வந்து நிற்பார்கள். எங்கள் ஊரில் அப்படித்தான் நடந்தது.

பணத்தைப் பற்றிக் கேட்பார்கள். 2021ஆம் ஆண்டு அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கையில், ஒரே முறை சிகிச்சையில் குணப்படுத்தக்கூடிய நோய்களின் முதல் பிரிவில் ஸ்கிட் இருக்கிறது. அங்கீகரித்த சிறப்பு மையங்களில் சிகிச்சைக்கு 50 லட்சம் ரூபாய் வரை உதவி என்று 2022இல் உயர்த்தினார்கள். பணம் ஒதுக்கியிருக்கிறார்கள், ஆனால் அந்தப் பணத்தைக் கேட்க உயிரோடு குழந்தை போய்ச் சேர வேண்டும்.

சுகாதாரத் துறைக்கு என் கோரிக்கை இவ்வளவுதான். தாய் சேய் நல அட்டையில் தடுப்பூசிப் பக்கத்தின் மேலேயே, பிசிஜி கட்டத்துக்கு முன்னால், "குடும்பத்தில் ஒரு வயதுக்குள் இறந்த குழந்தை: உண்டு / இல்லை" என்று ஒரு வரி அச்சிடுங்கள். உண்டு என்று இருந்தால் ஊசி போடும் செவிலியர் மருத்துவரைக் கூப்பிட வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்புங்கள். காரணத்தோடு நிறுத்தி வைத்ததைக் கணக்கில் தனியாகக் காட்ட இடம் கொடுங்கள். மாவட்டத்துக்கு ஒரு குழந்தை மருத்துவரின் எண்ணை எல்லாப் பிரசவ வார்டிலும் ஒட்டி வையுங்கள், இரவு பத்து மணிக்கு "இந்தக் குழந்தைக்குப் போடலாமா?" என்று கேட்டால் பதில் சொல்ல ஓர் ஆள் இருக்க வேண்டும்.

உங்கள் வாசகர்களில் வீட்டில் கைக்குழந்தையைப் பறிகொடுத்தவர்கள் இருந்தால், எவ்வளவு பழைய செய்தியானாலும் அடுத்த பிரசவத்துக்குப் போகும்போது டாக்டரிடம் நீங்களாகவே சொல்லுங்கள். என்ன நோய் என்று பெயர் தெரியாவிட்டால் பரவாயில்லை. எத்தனை மாதத்தில் போனது, ஆணா பெண்ணா, வாயில் வெள்ளை இருந்ததா, பேதி நிற்காமல் போனதா, அக்குளில் கட்டி வந்ததா, இவ்வளவு சொன்னால் போதும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற பகுதி சுகாதார செவிலியர்,
திண்டுக்கல் மாவட்டம்.